இறங்கிப் போன வெண்கலக் கடா

மொந்தெராமோ ஊர்க் கோவிலில் நாற்பது வருடம் முட்புதரில் கொம்பு சிக்கி நின்ற வெண்கலக் கடா, புனித மாற்கு திருநாள் கழிந்த செவ்வாய்க்கிழமை காலை, முதல் பூசைக்கும் இரண்டாம் பூசைக்கும் நடுவில், கொம்பை விடுவித்துக்கொண்டு இறங்கி மேயப் போனது. அன்று சந்தையில் கம்பளி விலை சற்று இறங்கியிருந்தது. பாலாடைக்கட்டிக்கு நல்ல கிராக்கி. வானம் மூட்டமாக இருந்ததே தவிர மழை இல்லை. கோவில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தவள் கடா தன்னைத் தாண்டிப் போனதைப் பார்த்தாள். அது போகிற போக்கில் ஒரு லில்லியைக் கடித்துவிட்டுப் போனதால் அதை விரட்டினாள். அதற்குமேல் அவளுக்கு அதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

கடா நின்ற இடத்தைச் சொன்னால்தான் கண்ணுகளா, மற்றது விளங்கும். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வெண்கலப் பலகை. அதில் கிழவர் ஆபிரகாம், ஆண்டவர் கேட்டபடி மகனைப் பலியிட, கத்தியை ஓங்கியிருக்கிறார். விறகுக்கட்டின் மேல் மகன் ஈசாக்கு முழங்காலிட்டுக் கழுத்தைக் கொடுத்திருக்கிறான். மேலே ஒரு வானதூதர், இடுப்புவரைக்கும் மட்டும், விரலை நீட்டிக் கீழ் மூலையிலுள்ள புதரைக் காட்டுகிறார். அந்தப் புதரில்தான் கடா. மகனுக்குப் பதிலாக வெட்டுப்பட வேண்டிய ஆட்டுக்கடா. செய்தவர் சிற்பி மேஸ்த்ரோ லாப்போ. ஃபிளாரன்ஸிலிருந்து ஒரு கோவேறு கழுதையும் இரண்டு மூட்டை மெழுகுமாக வந்து, ஒரு தவக்காலம் முழுக்க இங்கே தங்கி இதைச் செய்தார். உருவம் பார்த்துச் செய்ய அவருக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். தவக்காலத்தில் ஊரில் யாரும் இறைச்சி தொடமாட்டார்கள் என்பதால், நாற்பது நாளும் வேலை இல்லாமல் இருந்த ஒரே மனிதன் கசாப்புக்கடை கீனோ. அவனை ஆபிரகாமாக நிறுத்தினார். கத்தியை மெய்யாகவே பிடிக்கத் தெரிந்தவன் இந்த ஊரில் இவன் ஒருவன்தான் என்று சொல்லியே நிறுத்தினார். கீனோவின் பன்னிரண்டு வயது மகன் பியாஜோ ஈசாக்கு ஆனான்.

வார்க்கிற நாளில் வெண்கலம் போதவில்லை. கிழவருக்கும் மகனுக்குமே விரிசல் விட்ட பழைய கோவில்மணி முழுக்கச் செலவாகிவிட்டது. வானதூதர் இடுப்போடு நின்றதும் அதனால்தான். இப்போது வருகிறவர்கள் அவர் மேகத்துக்குள்ளிருந்து வெளிப்படுகிறார் என்று வியக்கிறார்கள், வியந்துவிட்டுப் போகட்டும். கடாவுக்கு ஒரு பொட்டு உலோகம்கூட மிச்சமில்லை. மேய்ப்பர்கள் தங்கள் ஆடுகளின் கழுத்துமணிகளை அவிழ்த்து வந்து கொட்டினார்கள். எழுபது மணிகளை உருக்கி, பூனையைவிடக் கொஞ்சம் சிறியதாக, கடாவை மட்டும் தனியாக வார்த்துப் புதரில் பொருத்தினார் மேஸ்த்ரோ.

அன்றிலிருந்து ஊரில் ஒரு வழக்கம். ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவருகிற பிள்ளையின் உள்ளங்கையைக் கடாவின் மூக்கில் ஒரு தரம் வைத்து எடுப்பார்கள். இந்தப் பிள்ளையின் தலைக்குமேல் என்றைக்காவது கத்தி ஓங்கினால் புதரில் ஏதாவது ஒன்று வந்து நிற்கட்டும் என்று. நாற்பது வருடப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டுக் கடாவின் மூக்கு பொன்னாக மின்னியது. பிறகு நெற்றி மின்னியது. கடைசிப் பத்து வருடத்தில் அதன் மூக்கு வெதுவெதுப்பாக இருக்கிறது என்று தாய்மார்கள் சொல்லிக்கொண்டார்கள். இரண்டொருவர் ஈரமாகவும் இருக்கிறது என்றார்கள். ஆபிரகாமை யாரும் தொடவில்லை. கீனோவின் அறை வாங்காதவர்கள் ஊரில் குறைவு. அவன் செத்துப் பத்தொன்பது வருடம் ஆன பிறகும் அந்த வெண்கலக் கைக்குக் கீழே பிள்ளையைக் கொண்டுபோகும்போது தாய்மார்கள் பிள்ளையின் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தக் கை கறுத்து, விரலிடுக்கெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

கடா போன அன்று பங்குச்சாமியார் செர் மேயோ வெறும் புதரைப் பார்த்துவிட்டு, ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த பெண்களைத்தான் பிடித்துக்கொண்டார்.

"தேய்ச்சுத் தேய்ச்சே கரைச்சுட்டீங்களேடி, பாவிகளா!"

மறுநாள் மலைச்சரிவிலிருந்து விதவை பிப்பா, கடாவைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். முப்பது ஆடு மேய்க்கிறவள். யாருக்கும் குரலைத் தணிக்கத் தெரியாதவள்.

"சாமி, இது உங்க கோவில் ஆளான்னு பாருங்க. நேத்துலேருந்து எங்கூட்டு பெட்டைங்க பின்னாடியே சுத்துது. உருவம் இத்துனூண்டு, அதுக்குப் பாருங்க கொழுப்ப!"

கடாவைப் புதரில் திரும்பப் பொருத்திக் கம்பியால் கட்டினார்கள். மறுநாள் காலையில் கம்பி அங்கே இருந்தது, கடா சரிவில் இருந்தது. வாயில் புதரின் வெண்கல இலை ஒன்றை வைத்து மென்றுகொண்டிருந்ததாகப் பிப்பா சொன்னாள். கடா நடந்தால் எழுபது சிறு மணிகள் ஒன்றாகக் குலுங்குகிற சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு ஆடுகள் எங்கிருந்தாலும் வந்துவிடும் என்பதால் பிப்பாவுக்கும் நாய் தேவைப்படவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊரும் விட்டிருக்கும். பியாஜோவின் கழுத்து மட்டும் விடவில்லை.

பியாஜோவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. விறகுக்கட்டின் மேல் மெலிந்து மண்டியிட்டிருக்கிற ஈசாக்கைப் பார்த்தவர்கள், கடைவாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற பியாஜோவைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. அப்படி ஒரு வயிறு. கசாப்புக்காரன் மகன் கத்தியைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லி ரொட்டி சுடப் போய்விட்டான் என்பது ஒரு காலத்தில் ஊர்ச் சிரிப்பு. ரொட்டியைக்கூட அவன் வெட்டினதில்லை, பிய்த்துத்தான் கொடுப்பான். அரை ரொட்டி கேட்டால் அரைக்குமேல் வரும், அல்லது அரைக்குக்கீழ் வரும். கோவிலில் நாற்பது வருடமாக ஒரே தூணுக்குப் பின்னால் நின்று பூசை காண்பான். அந்தத் தூணிலிருந்து பலகை தெரியாது.

கடா போன மூன்றாம் நாள் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தவன் "ஆ" என்று கழுத்தைப் பிடித்தான். நாவிதர் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்றார். தொண்டைக்குக் காவலரான புனிதர் பெயரையே இவனுக்கு வைத்திருக்கிறதே என்று, செர் மேயோ பிப்ரவரித் திருநாளில் செய்கிற மாதிரியே இரண்டு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகக் கட்டி அவன் தொண்டையில் வைத்து ஜெபித்தார். எடுத்துப் பார்த்தால் இரண்டு மெழுகுவர்த்தியும் ஒரே பக்கமாக, வெண்ணெயை வெட்டினது போல, துண்டாகியிருந்தன.

பியாஜோவின் மனைவி மோன்னா தெஸ்ஸா நேரே பலகைக்குப் போனாள். கல்யாணத்தன்று, மாப்பிள்ளையை நேரில் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வெண்கலத்தில் இருந்தவனின் கழுத்துக்கும் கத்திக்கும் நடுவே கையை நுழைத்துப் பார்த்தவள் அவள். அன்றைக்கு நாலு விரல் சரியாக நுழைந்தது. இன்றைக்கு மூன்றுதான் நுழைந்தது.

"சாமி, கத்தி எறங்குது."

"வெண்கலம் எறங்காது, தெஸ்ஸா. மனப்பிரமை."

"கடா எறங்கிப் போய்ப் புல்லு மேயுது. கத்தி மட்டும் எறங்காதா?"

செர் மேயோ பலகையை அண்ணாந்து பார்த்தார். அவர் படித்த புத்தகங்களிலும் இரண்டில் ஒன்று கேட்கப்பட்டதாகத்தான் இருந்தது. கடா இல்லையென்றால் மகன். மேலே வானதூதர் இன்னும் விரலை நீட்டிக்கொண்டுதான் இருந்தார். காட்டிய இடத்தில் கடா இல்லாதபோது அவரால் வேறு என்ன செய்ய முடியும்? விரலை நீட்டுவது ஒன்றுதான் அவருக்கு வேலை.

அந்த மாதம் முழுக்க ஊர் சும்மா இருக்கவில்லை. கடாவை ஏழு தரம் தூக்கி வந்தார்கள், அது ஏழு தரம் போயிற்று. பதிலுக்கு உயிருள்ள கடா ஒன்றைக் கொண்டுவந்து பலகைக்குக் கீழே கட்டினார்கள். அது பீடத்துணியைத் தின்றது. கத்தி நிற்கவில்லை. குயவர் களிமண்ணில் ஒரு கடா செய்து புதரில் வைத்தார். அன்றைக்கு ஒரே நாளில் கத்தி அரை விரல் இறங்கிவிட்டது. கிழவருக்கு அவமானமாகிப்போயிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கத்தியையே பிடுங்கிவிடலாம் என்று கொல்லர் குறடு எடுத்துவந்து இழுத்தார். குறடு உடைந்தது. தொண்டையில் வேறெதுவும் இறங்காமல் பியாஜோ கஞ்சிக்கு வந்திருந்தான். ரொட்டி மட்டும் தினமும் சுட்டுக்கொண்டிருந்தான். வாங்க வருகிறவர்கள் முதலில் அவன் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு ரொட்டியைப் பார்ப்பார்கள்.

கத்தி இரண்டு விரலுக்கு வந்தபோது, செர் மேயோ எழுதிய கடிதத்துக்குப் பதிலாக மறைமாவட்ட ஆயர் ஒரு அறிஞரை அனுப்பினார். மெஸ்ஸர் ஃபுல்ஜென்சியோ. ரோமாபுரியில் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த சிலைகளை எல்லாம் பார்த்தவர். நடந்தது அற்புதமா திருட்டா என்று எழுதித்தர வேண்டியது அவர் வேலை. வந்தவர் பலகைக்குமுன் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெண்கலத்தில் ஆடையின் மடிப்பு காற்றில் ஆடுகிறது என்றார். மெய்யான வார்த்தை, ஆடத்தான் செய்யும். பையனின் விலாவில் மூச்சு நிற்கிறது என்றார். அதுவும் மெய். எல்லாவற்றையும்விட அந்த வெறும் புதர் அவரை உலுக்கிவிட்டது.

"என்னா துணிச்சல்! கடாவே இல்லாம விட்டிருக்கான் பாருங்க. தப்பிக்க வழியே கெடையாது, நம்பிக்கை ஒண்ணுதான். இதுக்கு முன்னால எவனும் யோசிக்கல."

"அங்க கடா இருந்துச்சுங்கய்யா," என்றாள் தெஸ்ஸா. "எங்க எல்லாருக்கும் தெரியும்."

"இருந்திருந்தா வேலையே கெட்டுப் போயிருக்கும்மா."

"இல்லாமத்தாங்கய்யா எங்க வீட்டுக்காரு கெட்டுப் போய்க்கிட்டிருக்காரு."

அப்போது மணிச்சத்தம் கேட்டது. உச்சிவேளையில் கடாவுக்குத் தாகம் எடுக்கும். கோவிலுக்குள் வந்து தீர்த்தத்தொட்டியில் முன்னங்காலை வைத்து எட்டிக் குடித்துவிட்டுப் போவது அதன் வழக்கம். குடித்தது, அறிஞரின் முக்காலியில் முதுகைச் சொறிந்துகொண்டது, அவர் எழுதிவைத்த தாளில் ஒன்றைத் தின்னத் தொடங்கியது. மெஸ்ஸர் ஃபுல்ஜென்சியோ பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் காலால் அதை நகர்த்தினார்.

"யார் வீட்டுப் பூனைம்மா இது? கொஞ்சம் வெளிய விடக் கூடாதா?"

தெஸ்ஸா கடாவைத் தூக்கினாள். மார்போடு அணைத்து வெளியே கொண்டுபோகும்போது அதன் மூக்கு அவள் கையில் பட்டது. சுடச்சுட, ஈரமாக, பொன்னாக. வாசல் வெளிச்சத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். இருட்டுக்குள் ஆபிரகாமின் கை கன்னங்கரேலென்று இருந்தது. கடாவைப் பூக்காரி மடியில் போட்டுவிட்டு, மாவுக் கையோடு அடுப்படியில் நின்ற புருஷனிடம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"ஏய்யா, எல்லாரும் கடாவத் தொட்டாங்க, அதுக்கு உயிர் வந்துச்சு. அந்தக் கெழவன் கைய யாராச்சும் தொட்டாங்களா?"

"எவன் தொடுவான்?"

"நீதான். வா."

"நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்டி. நாப்பது நாளு அந்தக் கத்திக்குக் கீழ இருந்தவன் நான். ஒனக்குத் தெரியாது. அவரு கை நடுங்கும். கோவத்துல நடுங்கும். எந்த நிமிஷம் போட்டுருவாரோன்னு கண்ண மூடிட்டே இருந்தேன்."

தெஸ்ஸா விடவில்லை.

"உங்கப்பன் ஆட்டுத்தொடைய அறுக்கையில கை நடுங்கிப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"ஊர்ல யாரையாச்சும் அறைய ஓங்கையில?"

"நடுங்காது. நேரா வரும்."

"அப்புறம்? மகன் கழுத்துமேல வச்சப்ப மட்டும் எதுக்குய்யா நடுங்குச்சு?"

அடுப்பில் இருந்த ரொட்டி கருகுகிற வாசனை வந்தது. முப்பது வருடத்தில் அவன் கருகவிட்ட முதல் ரொட்டி அது. அந்தத் தவக்காலத்தில் வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆட்டுக்கொழுப்பைச் சூடுபண்ணி அப்பாவின் தோளில் தேய்த்துவிட்டது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் கையை இறக்கியதுமே கத்தியைத் தூர வைத்துவிட்டுப் போனதும். ஐம்பத்திரண்டு வயது மனிதன் கையைக்கூடத் துடைக்காமல், மனைவிக்கு முன்னால் நடந்து, நாற்பது வருடத் தூணைத் தாண்டிப் பலகைக்கு வந்தான். பின்னாலேயே ஊர் வந்தது. கத்தி ஒரு விரலுக்கு நெருங்கியிருந்தது.

அவன் முதலில் பையனைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தான். பிறகு மாவு அப்பிய தன் இரண்டு கைகளாலும் அந்த வெண்கல மணிக்கட்டைப் பிடித்தான். சில்லென்று இருந்தது. மாவு பிசைகிறவன் கைக்கு என்ன தெரியுமோ அதைச் செய்தான். மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும், தோளிலிருந்து மணிக்கட்டுவரைக்கும் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். விரலிடுக்கிலிருந்த பச்சை மாவோடு திரண்டு உதிர்ந்தது. தெஸ்ஸா விளக்கிலிருந்து ஆலிவ் எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றினாள். செர் மேயோ அது பரிசுத்த எண்ணெய் என்று சொல்ல வாயெடுத்து, பேசாமல் இன்னொரு விளக்கையும் எடுத்து நீட்டினார்.

"கைய எறக்குங்கப்பா," என்றான் பியாஜோ. "நாப்பது வருசமாத் தூக்கிட்டே நிக்கிறீங்க. வலிக்கும்ல."

கை நடுங்கியது. கூடியிருந்த எல்லாரும் பார்த்தார்கள். பூக்காரியின் கையில் இருந்த கடாகூட மெல்லுவதை நிறுத்தியது. நடுங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, கத்தி நழுவி, முக்காலியில் உட்கார்ந்து வானதூதரின் இறகை ரசித்துக்கொண்டிருந்த மெஸ்ஸர் ஃபுல்ஜென்சியோவின் கால் பெருவிரல் மேல் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில்தான் பியாஜோவுக்குத் தன் தொண்டை சரியானது தெரிந்தது. ஏனென்றால் ஊர் சிரித்ததில் அவனும் கூடவே சிரித்துவிட்டான். ஒரு மாதத்துக்குப் பின் வலிக்காமல் சிரித்தான். உடனே பசிக்கிறது என்றான்.

அறிஞர் நொண்டிக்கொண்டே ஊரைவிட்டுப் போனார். அவர் ஆயருக்குக் கொடுத்த அறிக்கையில், அற்புதமோ திருட்டோ எதுவும் நடக்கவில்லை என்றும், மேஸ்த்ரோ லாப்போ கடாவைச் செய்யாமல் விட்டதோடு நில்லாமல் ஆபிரகாமின் கையில் கத்தியையும் கொடுக்காமல் விட்டது இத்தாலி முழுவதிலும் இல்லாத துணிவு என்றும் எழுதியிருந்தார். அவருடைய பெருவிரலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கத்தின் மூலை மட்டும் கடிபட்டிருந்தது.

ஆபிரகாமின் கை அந்தக் கோடை முழுக்க மெதுவாக இறங்கி, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று ஈசாக்கின் தலையில் வந்து அமர்ந்தது. இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. கடாவை யாரும் அதன்பிறகு கூடையில் கொண்டுவரவில்லை. மழைக்கு வெண்கலம் பச்சை பூக்கும் என்பதால் மழை பெய்தால் அதுவே வந்து புதரில் கொம்பை நுழைத்துக்கொண்டு நிற்கும், வெயில் வந்தால் போய்விடும். பிப்பாவின் ஆடுகள் போட்ட குட்டிகளில் சிலது கத்தினால் மணி அடிக்கிற மாதிரி இருந்தது. சந்தையில் அவற்றுக்கு மற்றக் குட்டிகளைவிட விலை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்கள் கடா புதரில் இருந்தால் அதன் மூக்கில் பிள்ளையின் கையை வைக்கிறார்கள், இல்லாவிட்டால் கிழவரின் கையில். இரண்டும் இப்போது ஒரே மாதிரி மின்னுகின்றன.

வெண்கலக் கத்தியைப் பியாஜோ கடைக்கு எடுத்துப் போனான். உள்ளங்கை நீளம்தான், முனையும் மழுங்கல். அதை வைத்து அன்று மாலையே ஒரு ரொட்டியை வெட்டினான். ஒரு துண்டு செங்கல் கனம், அடுத்த துண்டு மறுபக்கம் தெரிகிற மாதிரி மெலிசு. இருபத்தொன்பது வருடம் வெட்டியும் அவனுக்கு நேராக வரவில்லை. வேறு கத்தி வாங்கிக்கொள் என்று யாரும் சொல்லவும் இல்லை. எண்பத்தொன்றாவது வயதில், தொண்டையில் ஒரு கீறல் இல்லாமல், தூக்கத்தில் இறந்துபோனான். அடக்கத்தன்று சவப்பெட்டிக்குப் பின்னால் தெஸ்ஸா நடந்தாள், அவளுக்குப் பின்னால் எழுபது மணிகளும் குலுங்கக் கடா நடந்தது. உருவம் சிறியதாக இருந்ததால் மிதிபடாமலிருக்க, ஊர்க்காரர்கள் அதற்குக் கொஞ்சம் விலகி வழி விட்டார்கள்.